மூல ஓலையும் படி ஓலையும்: கைபேசிச் சாட்சியம் கோர்ட்டில் நிற்பது எப்போது?

வெளிமாநிலத்தில் பிழைக்க வந்த நம்மவர்களில் பெரும்பாலோர் இன்று வியாபாரத்தையும் குடும்ப விவகாரத்தையும் கைபேசியிலேயே நடத்துகிறோம். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது. விலை அதிலேயே பேசி முடிகிறது. சரக்கு போய்ச் சேர்ந்ததற்கு ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. வீட்டு அட்வான்ஸ் வாங்கிக்கொண்ட வீட்டுக்காரர் தரும் ரசீதுகூட "மில் கயா" என்ற இரண்டே சொல்தான். தகராறு என்று வந்து, "என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க?" என்று வக்கீல் கேட்டால், "எல்லாம் போன்ல இருக்கு சார்" என்று நிம்மதியாகச் சொல்லிவிடுகிறோம். இந்த நிம்மதிக்கு எவ்வளவு தூரம் இடம் உண்டு என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் வக்கீல் அல்லன், ஜவுளி வியாபாரி. ஆனாலும் கடையில் கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில் தீர்ப்புகளைப் படிப்பது என் வழக்கம். முன்பெல்லாம் அதற்கு ஏதாவது வக்கீல் ஆபீஸ் அலமாரியை நம்பியிருக்க வேண்டும். 2008-ல் இந்தியன் கானூன் என்ற இணையத்தளம் வந்தது, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புத் தொகுதிகளை இ-எஸ்.சி.ஆர். என்ற பெயரில் இலவசமாகத் திறந்துவிட்டது. இங்கிலீஷ் சுமாராகத் தெரிந்த எவரும் இன்று படிக்கலாம். பொறுமைதான் வேண்டும்.

விஷயத்துக்கு வருவோம். சமணனான நான் பெரியபுராணத்திலிருந்து உதாரணம் காட்டினால் சில அன்பர்கள் புன்னகைக்கக்கூடும், இருந்தாலும் இதைவிடப் பொருத்தமான கதை வேறில்லை. புத்தூரில் சுந்தரர் திருமணப் பந்தலில் ஒரு கிழ வேதியர் வந்து நிற்கிறார். நீ எனக்கு அடிமை, உன் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை இதோ என்கிறார். சுந்தரர் பாய்ந்து ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி இந்த மூன்றில் எதைக் கொண்டு நிரூபிப்பீர் என்று அவையோர் கேட்கிறார்கள். கிழவர் அசரவில்லை. கிழிக்கப்பட்டது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று எடுத்து நீட்டுகிறார். அவையோர் அத்தோடும் விடவில்லை. பாட்டனார் கையால் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, எழுத்தும் எழுத்தும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

மூலத்தைக் கொண்டு வா, மூலம்தான் என்பதற்கு இன்னொரு ஒப்புமை காட்டு. 1872-ஆம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டமும் இந்த இரண்டையும்தான் கேட்டது. அச்சட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற வெள்ளைக்காரர் சேக்கிழாரைப் படித்திருக்க நியாயமில்லை. நியாயம் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றாகவே யோசிக்கிறது போலும்.

ஓலைக்கும் காகிதத்துக்கும் இந்த விதி சுலபமாகப் பொருந்தியது. டேப் ரிக்கார்டர் வந்தபோது கொஞ்சம் தடுமாற்றம். பேசியவர் குரல் இன்னாருடையது என்று நிரூபிக்கப்பட்டு, பதிவில் கைவைக்கவில்லை என்றும் தெரிந்தால் ஏற்கலாம் என்று மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. ஆனால் கம்ப்யூட்டர் விஷயம் வேறு. அதில் மூலம் எது, படி எது? வட்டில் கிடக்கும் மின்துடிப்பை நீதிபதி கண்ணால் பார்க்க முடியாது. பார்ப்பதெல்லாம் திரையில் தெரியும் படியைத்தான், அல்லது பிரிண்ட் அவுட்டைத்தான். அந்தப் படியில் யார் வேண்டுமானாலும் தடயமில்லாமல் கைவைக்கலாம்.

இதற்காக 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பழைய சாட்சியச் சட்டத்துக்குள் 65-பி என்ற பிரிவைச் செருகியது. கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த பிரதியைத் தாக்கல் செய்பவர், அது எந்த இயந்திரத்தில் எப்படி உண்டானது, அந்த நாளில் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்ததா என்பதைச் சொல்லி, பொறுப்பில் இருப்பவர் கையெழுத்திட்ட சான்றிதழ் ஒன்றை இணைக்க வேண்டும் என்றது. அது கட்டாயமா, இல்லாவிட்டாலும் வேறு வழியில் ஒப்பேற்றலாமா என்பதில்தான் நீதிமன்றங்களே இருபது வருஷம் முன்னும் பின்னும் நடந்தன.

2001 டிசம்பர் 13 அன்று நடந்த நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் டெலிபோன் கம்பெனிகளின் அழைப்புப் பட்டியல் முக்கியச் சாட்சியம். சான்றிதழ் இல்லை. பரவாயில்லை, சாதாரணப் படி ஆவணம்போல் நிரூபித்தால் போதும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் விட்டுக்கொடுத்தது. 2014 செப்டம்பரில் அந்தக் கதவு மூடியது. கேரளத்து ஏறநாடு தொகுதியின் 2011 சட்டமன்றத் தேர்தலில் தோற்ற அன்வர், பிரசாரப் பேச்சும் பாட்டும் அடங்கிய சி.டி.க்களைத் தாக்கல் செய்திருந்தார். வேறு கருவியில் பதிந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதிலிருந்து எடுத்த சி.டி. என்றபடியால் அவை படி ஓலைகள், சான்றிதழும் கிடையாது. மூன்று நீதிபதிகள் அமர்வு அவற்றை ஏற்க மறுத்து, 2005-ஆம் வருஷத்து நிலைப்பாட்டையும் ரத்து செய்தது. பிறகு 2018-ல் இரண்டு நீதிபதிகள், கருவி தன் கையில் இல்லாதவனிடம் சான்றிதழ் கேட்பது முறையா என்று மறுபடி தளர்த்தினார்கள். கீழ்க் கோர்ட்டுகள் எந்தத் தீர்ப்பைப் பின்பற்றுவது என்று தெரியாமல் நின்றன.

குழப்பம் தீர்ந்தது நம் மராட்டிய மாநிலத்து ஜால்னா தொகுதி வழக்கில்தான். 2014 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் 296 ஓட்டு. வெற்றி பெற்றவரின் வேட்பு மனு மத்தியானம் மூன்று மணிக் கெடுவைத் தாண்டித்தான் வந்தது என்பது குற்றச்சாட்டு. தேர்தல் அதிகாரி அறையில் வீடியோ காமிரா இருந்தது. பிரதிகள் கிடைத்தன, சான்றிதழ் மட்டும் கிடைக்கவில்லை. தோற்ற வேட்பாளர் கேட்டார், கேட்டார், திரும்பத் திரும்பக் கேட்டார், அதிகாரிகள் தரவே இல்லை. சாதாரண மனுஷன் இதற்கு என்ன செய்வான்?

2020 ஜூலை 14 அன்று மூன்று நீதிபதிகள் தீர்ப்பு வழங்கினார்கள். ஒருவர் நம் தமிழரான நீதியரசர் வே. இராமசுப்பிரமணியன். தலைமைத் தீர்ப்பு நாரிமன் அவர்களுடையது. இராமசுப்பிரமணியன் தனியாக எழுதிய இசைவுத் தீர்ப்பில் அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா நாடுகளில் இந்தச் சட்டம் வளர்ந்த விதத்தை விரிவாகச் சொல்லியிருக்கிறார். சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் அதை ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். தீர்ப்பின் சாரம் இதுதான். பிரதியைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் கட்டாயம். ஆனால் சொந்தக்காரரே சாட்சிக் கூண்டில் ஏறி, தன் லேப்டாப்பையோ கைபேசியையோ காட்டி, இது என்னுடையது, செய்தி இதில்தான் இருக்கிறது என்று நிரூபித்தால் அது மூல ஓலை, சான்றிதழ் வேண்டியதில்லை. கருவி வேறொருவர் பிடியில் இருந்து அவர் சான்றிதழ் தர மறுத்தால் கோர்ட்டில் மனுப் போட்டு உத்தரவு வாங்கலாம். இயன்ற எல்லாம் செய்தும் கிடைக்காவிட்டால், முடியாததைச் செய் என்று சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தாது.

கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, நமக்கும் சான்றிதழ் தேவைப்படாது என்று யாரும் இருந்துவிட வேண்டாம். ஜால்னாக்காரருக்குச் சலுகை கிடைத்தது அவர் கேட்டுக் கேட்டு அலைந்ததற்கு எழுத்துமூலமான அத்தாட்சி வைத்திருந்ததால். சும்மா இருந்தவருக்கு அது கிடையாது.

2024 ஜூலை 1 முதல் 1872-ஆம் வருஷத்துச் சட்டம் போய், பாரதீய சாக்ஷ்ய அதினியம் வந்துவிட்டது. (அந்தத் தேதிக்கு முன்பே விசாரணையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமே.) பழைய 65-பி இதில் 63-ஆம் பிரிவு. ஒழுங்கான பாதுகாப்பிலிருந்து வரும் மின்னணுப் பதிவை, எதிராளி ஆட்சேபித்தால் ஒழிய, மூல ஆவணமாகவே கொள்ளலாம் என்று 57-ஆம் பிரிவின் விளக்கம் ஒன்று சொல்வது நமக்கு அனுகூலம். ஆனால் சான்றிதழுக்குச் சட்டத்தின் அட்டவணையிலேயே அச்சடித்த நமூனா வந்துவிட்டது. அதில் ஏ என்றும் பி என்றும் இரண்டு பகுதி. ஏ பகுதியில் கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும். கைபேசியா, சி.சி.டி.வி. பெட்டியா, பென் டிரைவா, கிளவுடா என்பதோடு மாடல், நிறம், சீரியல் நம்பர், ஐ.எம்.ஈ.ஐ. நம்பர் வரை எழுத வேண்டும். பி பகுதியில் நிபுணர் ஒருவர் கையெழுத்து. இரண்டிலும் ஹேஷ் மதிப்பு என்ற ஒன்றைக் குறிப்பிட வேண்டும்.

ஹேஷ் என்றதும் பயப்பட வேண்டாம். நம் பெரியவர்கள் பேரேட்டில் பக்கத்துக்குப் பக்கம் கூட்டுத்தொகை போடுவார்கள் அல்லவா? நடுவில் யாராவது ஒரு எண்ணைத் திருத்தினால் கூட்டு உதைக்கும். அதே யோசனைதான், மிகக் கடுமையான வடிவத்தில். ஒரு கோப்பு முழுவதையும் ஒரு கணக்குக்கு உட்படுத்தினால் ஒரு குறியீடு கிடைக்கும். எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் அது எப்போதும் 64 எழுத்து. கோப்பு ஒரு வரியானாலும் ஒரு சினிமாவே ஆனாலும் 64 தான். உள்ளே ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றிப் பாருங்கள், 64 எழுத்தும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஆகவே, இன்று தாக்கல் செய்யும்போது எழுதிய குறியீடும் இரண்டு வருஷம் கழித்து விசாரணையில் எடுத்துப் பார்க்கும் குறியீடும் ஒத்திருந்தால், இடையில் யாரும் கைவைக்கவில்லை என்று பொருள். திருவெண்ணெய்நல்லூர் அவையோர் எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டதன் இன்றைய ரூபம் இது. ஆனால் தாக்கல் செய்வதற்கு முன்பே பொய்யாகத் தயாரிக்கப்பட்டதா என்பதை ஹேஷ் சொல்லாது. அரக்கு முத்திரை மூட்டை பிரிக்கப்படவில்லை என்றுதான் சொல்லும், உள்ளே இருப்பது நல்ல அரிசி என்று சொல்லாது.

பி பகுதி விஷயத்தில் எனக்கு மனக்குறை உண்டு. அந்த நிபுணர் யார், என்ன தகுதி என்பதை அந்த உட்பிரிவு விளக்கவில்லை. நாற்பதாயிரம் ரூபாய் பாக்கிக்காகக் கோர்ட் ஏறும் சின்னக் கடைக்காரர் நிபுணருக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டுமென்றால், பாக்கியை விட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். பெரிய கம்பெனிக்கு இது செலவே இல்லை. நாற்பதாயிரத்துக்காரருக்கு இது வாசலிலேயே ஒரு சுவர். ஆதலால்தான் மூலக் கருவியைக் காப்பாற்றி வைத்துக்கொள்வது நம்மைப் போன்றவர்களுக்கு முன்னைவிட அதிக முக்கியம் என்கிறேன்.

வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. செய்தி எதிராளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு தன் சர்வரில் அதை வைத்துக்கொள்வதில்லை என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. அப்படியானால் கம்பெனியிடம் கேட்டு வாங்க ஒன்றுமில்லை. மூல ஓலை உலகத்தில் இரண்டே இடத்தில்தான் உண்டு, உங்கள் சட்டைப் பையில் ஒன்று, எதிராளி சட்டைப் பையில் ஒன்று. எதிராளி தன்னுடையதைக் கிழித்துப் போட்டால் மிச்சம் உங்களுடையது மட்டும்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக்காரர், நம் பக்கத்து மனுஷர், வெளியூர்க் கடை ஒன்றுக்கு மூன்று வருஷம் கடனுக்குச் சேலை அனுப்பி வந்தார். பாக்கி மூன்று லட்சத்து எண்பதாயிரம் வரை ஏறிவிட்டது. "அண்ணா, தீபாவளி முடிஞ்சதும் முழுசா செட்டில் பண்றேன்" என்று அந்தக் கடைக்காரர் அனுப்பிய செய்தியை எங்களிடமெல்லாம் காட்டியிருக்கிறார். தீபாவளிகள் போயின, பணம் வரவில்லை. இதற்குள் நம்மவர் எக்ஸ்சேஞ்சில் பழைய போனைக் கொடுத்துப் புதுசு வாங்கிவிட்டார். பேக்கப் எடுக்கவில்லை. கையில் இருந்தது ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் ஆறு பக்கம். அந்தச் செய்தியை நான் அனுப்பவே இல்லை, படத்தை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லிவிட்டது. எந்தக் கருவிக்கு ஐ.எம்.ஈ.ஐ. நம்பர் எழுதுவது, எதைக் காட்டி இது என்னுடையது என்று கூண்டில் சொல்வது? அவரைக் கொஞ்சமாவது காப்பாற்றியது பழைய சங்கதிகள்தான். பில் புத்தகம், லாரி ரசீது, ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சரக்குக்கு எடுத்த இ-வே பில், ஜி.எஸ்.டி. கணக்கு. சரக்கு போனது நிரூபணமாயிற்று. பாதிக்குச் சற்றுக் குறைவாக வாங்கிக்கொண்டு சமரசம் செய்துகொண்டார்.

கணக்குப் புத்தகம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வழக்கமாக, ஒழுங்காக எழுதிவரும் வியாபாரக் கணக்கு சாட்சியமாகும், கம்ப்யூட்டரில் வைத்த கணக்கும் ஆகும். ஆனால் கணக்கில் எழுதியிருப்பதை மட்டுமே வைத்து ஒருவர் மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது. பழைய 34-ஆம் பிரிவு, இன்றைய 28. டைரிகளையும் தாள்களையும் வைத்துப் போடப்பட்ட பிரசித்தமான ஹவாலா வழக்கு சரிந்தது இந்த இடத்தில்தான். 1998 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், தைத்த நோட்டு புத்தகம், ஃபைலில் கோத்த உதிரித் தாள் புத்தகம் ஆகாது என்றும், புத்தகமே ஆனாலும் தனியாக நிற்காது என்றும் சொன்னது. (அவ்வழக்கை 'ஜெயின் ஹவாலா' என்று பத்திரிகைகள் எழுதியபடியால் அந்நாளில் கடைக்கு வந்த பலர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆரணிப் பக்கத்து நயினார்களுக்கு டில்லி டைரியில் என்ன வேலை?) கம்ப்யூட்டர் கணக்கில் பின்தேதி போட்டுத் திருத்தும் வசதி உண்டென்பதால்தான், எவர் எப்போது எதைத் திருத்தினார் என்ற சுவடு அழியாமல் பதியும் மென்பொருளையே கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கினார்கள். தனிநபர் கடைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் அந்த வசதியைத் திறந்து வைத்துக்கொள்பவர் கணக்குக்குக் கோர்ட்டில் மதிப்புக் கூடும் என்பது என் அபிப்பிராயம்.

மின்னஞ்சலிலேயே ஒப்பந்தம் முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். ஆஸ்திரேலியாவிலிருந்து பாக்சைட் தாது அனுப்புவது பற்றிய டிரைமெக்ஸ் வழக்கில், மின்னஞ்சலில் விலையும் அளவும் நிபந்தனையும் பேசி ஒப்புக்கொண்டாகிவிட்டது, முறையான பத்திரத்தில் கையெழுத்து ஆகவில்லை என்பதற்காக ஒப்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது என 2010-ல் தீர்ப்பளித்தார் ஈரோட்டுப் பக்கத்து நீதியரசர் ப. சதாசிவம். இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. அவசரத்தில் "ஓ.கே., டன்" என்று தட்டிவிட்டால் நீங்களும் கட்டுப்பட்டவர்தான். விற்ற சரக்கின் பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருஷக் கெடு. அதற்குள் பாக்கிதாரர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடும். மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டதும் எழுத்தே என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-ல் ஏற்றிருக்கிறது. ஆகவே வருஷத்துக்கு ஒரு தரம் பாக்கிக் கணக்கை மின்னஞ்சலில் அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீசும் செல்லும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2018-ல் ஒரு வழக்கில் ஏற்றது. செய்தி போய்ச் சேர்ந்ததும் திறக்கப்பட்டதும் திரையிலேயே தெரிந்தபடியால்.

குடும்ப வழக்குகளில் இது இன்னும் கூச்சமான சமாசாரம். மனைவியின் அழைப்பு விவரத்தை அவருக்குத் தெரியாமல் எடுத்து, தானே சான்றிதழும் எழுதித் தாக்கல் செய்த கணவரின் ஆவணத்தை மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2024-ல் ஏற்க மறுத்தது. அதன்பின் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தம்பதிகளுக்கிடையே ரகசியமாகப் பதிந்த பேச்சையும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வேறொரு வழக்கில் சொல்லியிருக்கிறது. சட்டம் அனுமதிக்கிறது என்பதாலேயே வீட்டுக்குள் பேசுவதையெல்லாம் பதிந்து வைப்பது நல்ல குடித்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

சங்கக் கூட்டங்களில் வயதானவர்கள் என்னைத் தனியே அழைத்துக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள், உயிலை வீடியோவில் பேசி அனுப்பிவிட்டால் போதாதா? போதாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணை, உயிலைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. அதற்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான், அதிலும் தற்செயலாக 63-ஆம் பிரிவேதான். எழுதுபவர் காகிதத்தில் கையெழுத்திட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகளும் அதில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடும்போது வேண்டுமானால் பேரனை விட்டு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அது துணைக்கு நிற்கும். எடுத்த போனை மாத்திரம் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.